சரக்கு விமானமா, பயணிகள் விமானமா: அமெரிக்காவில் கையெழுத்துப் போடும் முன்

அமெரிக்காவில் சின்ன ஊர்களை இணைக்கும் ரீஜினல் விமான நிறுவனத்தில் சில வருடம் ஓட்டி கேப்டன் ஆகிவிட்டவருக்கு ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும். அடுத்து எங்கே? டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் போன்ற பெரிய பயணிகள் நிறுவனமா? ஃபெடெக்ஸ், யூபிஎஸ் போலத் தன் பார்சலைத் தானே சுமக்கும் நிறுவனமா? அட்லஸ், கலிட்டா போல அடுத்தவர் சரக்கை ஒப்பந்தத்தில் ஏற்றும் நிறுவனமா? இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் இப்போது காக்பிட்டுக்கு வந்துவிட்டார்கள். என் அண்ணன் மகன் அவர்களில் ஒருவன். மூன்று பக்கமும் விண்ணப்பம் போட்டுவிட்டு, "சித்தப்பா, நீங்க சரக்குப் பக்கம் இருக்கீங்க, எதை எடுக்கலாம்?" என்று கேட்டான். நான் விமானி இல்லை. சரக்கு விமானங்களுக்கு ராத்திரி ஷிப்டில் டிஸ்பாட்சராக இருக்கிறேன். எரிபொருள், வானிலை, பாதை எல்லாம் பார்த்து, இந்த விமானம் இப்போது கிளம்பலாம் என்று கேப்டனோடு சேர்ந்து பொறுப்பேற்கும் வேலை. அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். அது இல்லாமல் இந்த மூன்று கதவுகளும் பெரும்பாலும் திறப்பதில்லை.

எல்லோரும் முதலில் பார்ப்பது மணிக்கு எவ்வளவு என்பதை. அதைக் கடைசியில் பாருங்கள் என்பேன். முதலில் பார்க்க வேண்டியது வேறு. எந்த விமான நிறுவனத்திலும் ஒரு நாள் ஆள் குறையும், இன்னொரு நாள் சரக்கு குறையும். அந்தக் குறை யார் தலையில் விழுகிறது? கம்பெனியின் கணக்கிலா, விமானியின் தூக்கத்திலா, குடும்பத்தின் நாட்களிலா, வேலையிலேயேவா? மூன்று வகை நிறுவனமும் இந்த இடத்தில்தான் உண்மையாகவே வேறுபடுகின்றன.

ஒரே வானம், இரண்டு ஓய்வு விதிகள்

2009 பிப்ரவரியில் பஃபலோ நகரத்துக்கு அருகே கோல்கன் ஏர் 3407 விழுந்து 50 பேர் இறந்தார்கள். விமானிகளின் களைப்பு அந்த விசாரணையில் பெரிய கேள்வியாக எழுந்தது. இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடியதில் சட்டம் மாறியது. துணை விமானியாகச் சேரவே 1,500 மணி நேரப் பறக்கும் அனுபவம் வேண்டும் என்ற விதி அப்படி வந்ததுதான். பார்ட் 117 என்று எல்லோரும் சொல்லும் புது ஓய்வு விதியும் அப்படி வந்ததே. 2014 ஜனவரி 4 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

அந்த விதி உடம்பின் கடிகாரத்தை மதிக்கிறது. இரண்டே விமானிகள் இருக்கும் விமானத்தில், வேலை எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்பதைப் பொறுத்து 9 மணியிலிருந்து 14 மணி நேரம் வரைதான் ஒரு பணிநாள். நள்ளிரவு தாண்டித் தொடங்கினால் 9 மணி நேரம், அவ்வளவுதான். வேலைக்கு முன் 10 மணி நேர ஓய்வு, அதில் இடையூறில்லாமல் 8 மணி நேரம் தூங்க வாய்ப்பு. அதிகாலை 2 மணி முதல் 6 மணி வரை உடம்பு அடியோடு தளரும் நேரம் என்று கணக்கில் எடுத்து, அந்த நேரத்தைத் தொடும் இரவுப் பணி தொடர்ந்து மூன்று நாளுக்கு மேல் கூடாது என்கிறது. ஒவ்வொரு இரவும் நடுவே இரண்டு மணி நேரமாவது சரியான இடத்தில் படுக்க வாய்ப்பு கொடுத்தால் ஐந்து நாள் வரை போகலாம்.

சரக்கு விமானங்களுக்கு இந்த விதி பொருந்தாது. விரும்பினால் ஏற்றுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். பழைய விதியில் உள்நாட்டுக்கு ஒன்று, வெளிநாட்டுக்கு ஒன்று, ஒப்பந்தப் பறத்தலுக்கு ஒன்று என்று பல பிரிவுகள் உண்டு. சரக்கு நிறுவனங்கள் பரவலாகப் பயன்படுத்தும் பிரிவில் இரண்டு விமானிகள் 24 மணி நேரத்தில் 16 மணி நேரம் வரை பணியில் இருக்கலாம். காலை பத்து மணிக்குத் தொடங்கினாலும் இரவு பத்து மணிக்குத் தொடங்கினாலும் அதே 16. இரவில் பறப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்குத்தான் இரவைக் கணக்கில் எடுக்காத விதி. புது விதியால் ஆகும் செலவு, சரக்குப் பக்கம் கிடைக்கும் பலனைவிட அதிகம் என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் எஃப்ஏஏ சொன்ன காரணம். பயணிகள் இல்லாத விமானத்தில் போகும் உயிர்கள் குறைவு என்பதுதான் அந்தக் கணக்கின் அடித்தளம். யூபிஎஸ் விமானிகளின் சங்கமான ஐபிஏ வழக்குப் போட்டது. 2016-ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. நாடாளுமன்றத்தில் மசோதாக்கள் வந்தன, ஒன்றும் நிறைவேறவில்லை.

2013 ஆகஸ்ட் 14 அதிகாலை, லூயிவில்லிலிருந்து கிளம்பிய யூபிஎஸ் 1354 அலபாமாவின் பர்மிங்ஹாமில் ஓடுபாதைக்கு முன்பாகவே தரையில் மோதியது. ஏ300 விமானம், இரண்டே பேர், இரண்டு பேரும் இறந்தார்கள். நீண்ட ஓடுபாதை விளக்குப் பராமரிப்புக்காக மூடியிருந்ததால் குட்டை ஓடுபாதையில், துல்லிய வழிகாட்டி இல்லாமல் இறங்க வேண்டியிருந்தது. உயரத்தைக் கவனிக்கத் தவறினார்கள் என்றது விசாரணை அறிக்கை. துணை விமானியின் களைப்பும், களைப்போ கவனச் சிதறலோ குழப்பமோ காரணமாக இருந்திருக்கக்கூடிய கேப்டனின் தவறுகளும் காரணங்களில் இடம்பெற்றன. கிளம்பும் முன் இருவரும் பேசிக்கொண்டது காக்பிட் பதிவில் இருக்கிறது. பேசியது இதே விஷயத்தைத்தான்: பயணிகள் விமானிகளுக்கு ஒரு விதி, நமக்கு ஒரு விதி. தூங்கி எழுந்தும் களைப்பு தீரவில்லை என்று துணை விமானி சொல்லியிருந்தார். துணை விமானி ஓய்வு நேரத்தைத் தூக்கத்துக்குச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்றும் அறிக்கை சொல்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் சரக்குப் பக்கம் வருகிறவருக்கு அது நேரடிப் பாடம். விதி உங்களைப் பாதுகாக்காத இடத்தில் தூக்கத்தைப் பாதுகாப்பது முழுக்க உங்கள் வேலையாகிவிடுகிறது.

இன்னொன்று. அட்லஸ் போன்ற நிறுவனம் சில நாள் ராணுவ வீரர்களை ஏற்றிக்கொண்டு போகும். அன்றைக்கு ஆட்கள் இருப்பதால் பார்ட் 117. மறுநாள் அதே விமானி பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பறந்தால் பழைய விதி. உடம்பு ஒன்றுதான், களைப்பும் ஒன்றுதான். இதற்கு நியாயமான விளக்கம் தரக்கூடிய ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஃபெடெக்ஸ், யூபிஎஸ்: நல்ல சம்பளம், கடினமான இரவு

சட்டம் விட்ட இடத்தை ஓரளவு சங்க ஒப்பந்தம் நிரப்புகிறது. ஃபெடெக்ஸில் 5,000-க்கும் மேல் விமானிகள், சங்கம் ஆல்பா (பல நிறுவனங்களின் விமானிகளுக்கான பொதுச் சங்கம்). யூபிஎஸ்ஸில் 3,300-க்கும் மேல், சங்கம் ஐபிஏ. இரண்டு இடத்திலும் பணிநாளின் நீளம், ஓய்வு, ஹோட்டல், இரவுக்குக் கூடுதல் கட்டுப்பாடு எல்லாம் சட்டத்தைவிட இறுக்கமாக ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. பார்சல்களைப் பிரித்து மறுபடி ஏற்றும் மைய நிலையங்களான ஹப்கள் இருக்கும் லூயிவில்லிலும் (யூபிஎஸ்) மெம்ஃபிஸிலும் (ஃபெடெக்ஸ்) விமானிகள் படுப்பதற்கென்று தனி அறைகள் இருக்கின்றன.

ஆனாலும் இரவு இரவுதான். ஒரு சாதாரண ஹப் இரவு இப்படிப் போகும். இரவு ஒன்பது மணிக்கு ஏதோ ஓர் ஊரிலிருந்து கிளம்பி, பதினொன்றுக்கு மேல் லூயிவில்லில் இறக்குகிறீர்கள். பார்சல்கள் பிரிகிற நேரத்தில் அந்தச் சிறு அறையில் படுக்கிறீர்கள். கண் அசந்த கொஞ்ச நேரத்தில் அலாரம். நாலு மணிக்கு மறுபடி புறப்பாடு, வெளிச்சம் வரும் நேரத்தில் இன்னொரு ஊர். ஹோட்டலுக்குள் நீங்கள் நுழையும்போது மற்றவர்கள் காலைச் சாப்பாட்டுக்கு இறங்கி வருகிறார்கள். அறைக்குப் போனதும் முதல் வேலை, அலமாரியில் இருக்கும் பேன்ட் ஹேங்கரை எடுத்து அதன் கிளிப்பால் இரண்டு திரைச்சீலைகளையும் சேர்த்துக் கவ்வ வைப்பது. நடுவில் ஒரு விரல் அகலம் வெளிச்சம் வந்தாலும் பத்து மணிக்குக் கண் திறந்துவிடும். நான் அறிந்த சரக்கு விமானிகளில் இதைச் செய்யாதவர் கிடையாது. வீட்டுக்குப் போனால் பிள்ளைகளுக்காகப் பகலில் விழித்திருப்பார்கள், திங்கள்கிழமை மறுபடி தலைகீழ். உடம்பை அதிகம் தின்பது இரவு வேலைகூட இல்லை, இந்த மாற்றி மாற்றித் திருப்புவதுதான் என்று மூத்த கேப்டன்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரவு ஷிப்ட் வேலையைப் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடியது என்ற வகையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருப்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

சீனியாரிட்டி ஏற ஏற இது மாறும். பகல் பறத்தல், நீண்ட வெளிநாட்டுப் பயணம், ஒரு வாரம் வேலை ஒரு வாரம் வீடு என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வரும். புதிதாகச் சேர்கிறவருக்கு மிச்சம்தான். இப்போது அந்த மிச்சமும் சுருங்குகிறது என்பதுதான் புதிய செய்தி. ஃபெடெக்ஸின் பகல் பறத்தலில் பெரும்பகுதி அமெரிக்கத் தபால் துறையின் அஞ்சலைச் சுமந்தது. அந்த ஒப்பந்தம் 2024 செப்டம்பரில் முடிந்து யூபிஎஸ்ஸுக்குப் போனது. பகல் பறத்தல் வெகுவாகக் குறைந்தது. அதற்கு முன்பே அங்கே விமானிகள் தேவைக்கு அதிகமாக இருந்தார்கள். பயணிகள் நிறுவனங்கள் ஆளுக்காகத் தவித்த 2023-ல், விருப்பமுள்ளவர்கள் ஒரு ரீஜினல் நிறுவனத்துக்குப் போகலாமே என்று தன் விமானிகளுக்கு ஃபெடெக்ஸே வழிகாட்டும் நிலைமை வந்தது. 2021-ல் தொடங்கிய சம்பளப் பேச்சில் 2023-ல் ஓர் உடன்பாடு கைக்கெட்டியது. விமானிகளில் 57 சதவீதம் பேர் அதை நிராகரித்தார்கள். அமெரிக்காவில் விமான நிறுவன ஒப்பந்தம் காலாவதி ஆவதில்லை, பேச்சு முடியும் வரை பழையதே தொடரும். மத்தியஸ்த வாரியம் விடுவித்து, அதன் பின் 30 நாள் கழியாமல் வேலைநிறுத்தமும் செய்ய முடியாது. அதனால் பேச்சு வருடக்கணக்கில் இழுத்தால், அந்த வருடங்களின் விலைவாசி விமானியின் தலையில்தான்.

யூபிஎஸ் தபால் வேலையைப் பெற்றது, ஆனால் 2025 தொடக்கத்தில் அமேசானின் பார்சல்களைப் பாதிக்கும் மேல் குறைக்கப்போவதாக அறிவித்தது. 2025 நவம்பர் 4 அன்று லூயிவில்லில் அதன் எம்டி-11 ஒன்று கிளம்பும்போதே இடப்பக்க எஞ்சின் கழன்று விழுந்தது. விமானத்தில் இருந்த மூவரும் தரையில் இருந்த பலரும் இறந்தார்கள். எம்டி-11 முழுவதையும் எஃப்ஏஏ தரையில் நிறுத்தியது, பிறகு யூபிஎஸ் அந்த ரகத்தையே கைவிட்டது. ஒரு ரகம் போனால் அதை ஓட்டியவர்கள் வேறு ரகத்துக்குப் பயிற்சி எடுத்து நகர வேண்டும். அந்த நகர்வு சீனியாரிட்டி வரிசையில் மேலிருந்து கீழே அலையாக இறங்கி, கடைசி ஆளைத்தான் அசைக்கும்.

இவ்வளவு சொன்னாலும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். சரக்கு குறைந்தபோது ஃபெடெக்ஸ் பொதுவாக ஆளை அனுப்புவதற்குப் பதிலாக மணி நேரத்தைக் குறைத்தது, 2009-ல் அப்படித்தான் செய்தது. யூபிஎஸ் 2010-ல் சிலரை ஃபர்லோவில் (சம்பளமில்லாத தற்காலிக வேலைநீக்கத்தில்) அனுப்பிப் பிறகு திரும்ப அழைத்தது. பயணிகள் நிறுவனங்களில் 2001-க்குப் பிறகு நடந்ததோடு ஒப்பிட்டால் இவை சிறிய காயங்கள். இங்கே குறை முதலில் விழுவது சம்பளத்தின் மேல் பகுதியிலும் தூக்கத்திலும், வேலையின் மேல் விழுவது அபூர்வம்.

அட்லஸ், கலிட்டா வகை: வீடு எங்கே இருந்தாலும் சரி, ஆனால் இரண்டரை வாரம்

இந்த நிறுவனங்கள் விமானம், விமானி, பராமரிப்பு, காப்பீடு நான்கையும் சேர்த்து வாடகைக்குக் கொடுக்கின்றன. டிஎச்எல், அமேசான், ராணுவம், ஆசியத் தொழிற்சாலைகள் என்று யார் கேட்டாலும் போகும். இங்கே ஒரு பெரிய ஈர்ப்பு உண்டு. வீட்டுக்கு அருகே உள்ள விமான நிலையத்திலிருந்து வேலைக்குப் போகும் டிக்கெட்டைப் பல நிறுவனங்கள் தாமே எடுத்துக் கொடுக்கின்றன. பயணிகள் நிறுவன விமானி ஆஸ்டினில் குடியிருந்து தன் பணி தொடங்கும் நியூயார்க் பேஸுக்குப் போவதென்றால் தன் லீவு நாளில், காலி சீட் இருக்கிறதா என்று தவம் கிடந்து, நான்கைந்து பேரோடு பகிர்ந்த வாடகை அறையில் படுத்துப் போக வேண்டும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. வீட்டு வாசலில் வேலை தொடங்குகிறது என்றே சொல்லலாம்.

ஆனால் கிளம்பினால் பதினேழு நாள் போலத் திரும்ப மாட்டீர்கள். சின்சினாட்டியிலிருந்து ஆங்கரேஜ், அங்கிருந்து தென்கொரியாவின் இஞ்சியோன், ஹாங்காங், மறுபடி ஆங்கரேஜ், பிறகு பெல்ஜியத்தின் லீஜ் அல்லது ஜெர்மனியின் லைப்சிக். முழுச் சுமையோடு பசிபிக்கைத் தாண்ட எரிபொருள் போதாது என்பதால் அலாஸ்காவில் நிற்கிறார்கள். அதனால்தான் அவ்வளவு குளிர்ந்த ஊர் உலகத்தின் பெரிய சரக்கு நிலையங்களில் ஒன்றாக இருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு நாளோ முக்கால் நாளோ தங்கல். உடம்பு எந்த ஊர் நேரத்திலும் இருக்காது. வாடிக்கையாளர் ஒரு சரக்கை ரத்து செய்தால், இன்னொன்றைச் சேர்த்தால், பயணத்தின் நடுவிலேயே ரோஸ்டர் (பணி அட்டவணை) மாறும். பதினேழு இருபதாகும்படி கூடுதல் காசு கொடுத்துக் கேட்பார்கள், ஆள் குறைந்த மாதத்தில் அந்தக் கேள்வி அடிக்கடி வரும். குழந்தையின் பள்ளி விழாவை நாள் குறித்து வைக்க முடியாத வேலை இது.

ஆள் பற்றாக்குறை கடுமையாகத் தெரிவதும் இங்கேதான். கோவிட் காலத்தில் பயணிகள் விமானங்கள் நின்றபோது அவற்றின் வயிற்றில் போய்க்கொண்டிருந்த சரக்கெல்லாம் இவர்களிடம் வந்தது. வேலை பெருகியது. 2022-ல் பெரிய நிறுவனங்கள் ஒரே வருடத்தில் 12,000-க்கும் மேல் விமானிகளை எடுத்தபோது இவர்களிடமிருந்த ஆள் கொத்துக் கொத்தாகக் கிளம்பினார்கள். இந்தியாவில் கேப்டன் ஒரு வருடமும் துணை விமானி ஆறு மாதமும் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று 2017-லிருந்து விதி இருக்கிறது. அமெரிக்காவில் இரண்டு வாரம் சொல்லிவிட்டுப் போய்விடலாம். போனவர் விட்ட பயணத்தை இருப்பவர் சுமக்க வேண்டும். அவசரமாக ஆள் எடுப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் அமேசானுக்காகப் பறந்த அட்லஸ் 3591 ஹூஸ்டனுக்கு அருகே விழுந்து மூவர் இறந்தார்கள். துணை விமானி முன்பு வேலை செய்த இடங்களில் பயிற்சியில் தோற்ற வரலாறு சரியாகத் தெரியவராமல் போனதை விசாரணை சுட்டிக்காட்டியது. விமானிகளின் பயிற்சிப் பதிவுகளுக்கான தேசியத் தரவுத்தளத்தை எஃப்ஏஏ தாமதித்ததும் குறை சொல்லப்பட்டது.

சரக்கு குறைந்தால்? ஓஹியோவில் வில்மிங்டன் என்ற சிறு ஊரின் கதையைக் கேளுங்கள். அங்கிருந்த விமான நிலையம் முழுக்க டிஎச்எல்லின் அமெரிக்க ஹப்பாக இருந்தது. ஏபிஎக்ஸ், ஆஸ்டார் என்ற இரண்டு நிறுவனங்களின் விமானிகள் அதற்காக ஓட்டினார்கள். 2008-ல் அமெரிக்க உள்நாட்டுப் பார்சல் தொழிலை விட்டுப் போவதாக டிஎச்எல் முடிவெடுத்தது. ஹப் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். விமானிகளின் சங்கமோ ஒப்பந்தமோ அதைத் தடுக்க முடியவில்லை, ஏனென்றால் முடிவெடுத்தது அவர்களின் முதலாளி இல்லை, முதலாளியின் வாடிக்கையாளர். சில வருடம் கழித்து அதே வில்மிங்டனில்தான் அமேசான் தன் விமானச் சோதனையைத் தொடங்கியது, பிறகு அதுவும் சின்சினாட்டிக்கு நகர்ந்தது. விமானத்தில் அமேசானின் அடையாளம் இருந்தாலும் ஓட்டுகிறவர் அமேசானின் ஊழியர் இல்லை என்பதை மறக்க வேண்டாம். 2023-ல் வெஸ்டர்ன் குளோபல் என்ற சரக்கு நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டது இந்த வகையின் ஆபத்துக்கு இன்னொரு உதாரணம். இங்கே குறை விழுவது நாட்கள் மீதும், கடைசியில் வேலையின் மீதும்.

சின்ன விமானத்தில் சரக்கு

1,500 மணி நேரம் இன்னும் சேராதவர்களுக்கு இதுவும் ஒரு வழி. ஃபெடெக்ஸின் சின்ன ஊர்ப் பார்சல்களை ஒப்பந்த நிறுவனங்கள் செஸ்னா கேரவனில், 2022-லிருந்து ஸ்கைகூரியரிலும், சுமக்கின்றன. 1,200 மணி நேரம் இருந்தால் உள்ளே வரலாம். கேரவனில் தனி ஆள். காலையில் ஹப்பிலிருந்து ஒரு சின்ன ஊருக்கு, பகல் முழுக்க அங்கேயே காத்திருப்பு, மாலையில் திரும்பல். பனியிலும் மேகத்திலும் தனியாக ஓட்டிப் பழகிய கை பிற்காலத்தில் பெரிதும் உதவும். சம்பளம் பெரிதில்லை. ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு, அதோடு நகர்ந்துவிட வேண்டும்.

பெரிய பயணிகள் நிறுவனம்

இதைப் பற்றி எழுத அதிகம் இல்லை, ஏனென்றால் எல்லோருக்கும் தெரிந்த பாதை. 2023 மார்ச்சில் டெல்டா விமானிகள் நான்கு வருடத்தில் 34 சதவீத உயர்வு பெற்றார்கள், யுனைடெட்டும் அமெரிக்கனும் பின்தொடர்ந்தன. அதுவரை ஃபெடெக்ஸும் யூபிஎஸ்ஸும் வைத்திருந்த சம்பள முன்னிலை அந்த ஒரு வருடத்தில் போய்விட்டது. ஓய்வு விதி சட்டத்திலேயே இருக்கிறது, சங்கம் அதன் மேல் கட்டுகிறது. நிறைய ஊர்களில் பேஸ் உண்டு. குறை என்னவென்றால் பொருளாதாரம் சரியும்போது மக்கள் முதலில் நிறுத்துவது பயணத்தை. 2001, 2008, 2020 மூன்றையும் பார்த்தவர்களுக்கு ஃபர்லோ பயம் எலும்பில் இருக்கிறது. ரிசர்வில் முதல் சில வருடம் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும், அதுவும் உண்மை.

நல்ல விதி இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இந்தியாவே அண்மை உதாரணம். அங்கே விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏவின் புதிய ஓய்வு விதிகள் 2025 நவம்பரில் முழுதாக அமலுக்கு வந்தன. அதற்குத் தேவையான ஆளைத் தயாராக வைத்திராத இண்டிகோ டிசம்பரில் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. உடனே விதிக்குத்தான் தற்காலிக விலக்கு கிடைத்தது. விதி எந்தப் பக்கம் வளையும் என்பதை ஆள் கணக்குதான் தீர்மானிக்கிறது. அதனால் எந்த நிறுவனத்தைப் பார்த்தாலும் அதன் விதிப் புத்தகத்தோடு ஆள் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்.

என் முடிவு

பத்து வருடம் முன்பு கேட்டிருந்தால் யோசிக்காமல் ஃபெடெக்ஸ் அல்லது யூபிஎஸ் என்றிருப்பேன். இன்று பெரிய பயணிகள் நிறுவனமும் இவையும் ஒரே மாதத்தில் கூப்பிட்டால், முப்பது வயதில் இருப்பவர் பயணிகள் பக்கம் போவதே சரி என்பது என் கருத்து. சம்பளம் சமமாகிவிட்டது, அங்கே ஆள் ஓய்வு பெறும் வேகம் அதிகம், சட்டம் தூக்கத்தைக் காக்கிறது. லூயிவில்லிலோ மெம்ஃபிஸிலோ வீடும் வேரும் உள்ளவருக்கு மட்டும் நான் மாற்றிச் சொல்வேன். பதினைந்து நிமிடத்தில் தன் படுக்கைக்குப் போக முடிகிற சரக்கு விமானியின் வாழ்க்கை, வாரா வாரம் இரண்டு விமானம் மாறி வேலைக்குப் போகும் பயணிகள் விமானியின் வாழ்க்கையைவிட நன்றாகவே இருக்கும். ஐம்பதைத் தாண்டியவருக்குச் சரக்குப் பக்கம் இன்னும் கடினம். 65-ல் கட்டாய ஓய்வு என்பதால் சீனியாரிட்டி ஏற அவருக்கு வருடங்கள் இல்லை. இரவுக்கு அவர் உடம்பு புதிதாகப் பழகவும் செய்யாது.

அட்லஸ், கலிட்டா வகையைப் பாதையாக எடுக்கலாம், ஊராக எடுக்க வேண்டாம். தனி ஆளாக இருக்கும்போது, உலகம் பார்க்கும் ஆசையும் 747 ஓட்டும் ஆசையும் இருக்கும்போது இரண்டு மூன்று வருடம் போய் வரலாம். அது கற்றுத்தரும் அளவுக்கு வேறு எதுவும் கற்றுத்தராது. சின்னக் குழந்தை வீட்டில் இருக்கும்போது அந்த வேலைக்குப் போனவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். டிக்கெட் இலவசம் என்று கணக்குப் போட்டார்கள், பதினேழு நாளைக் கணக்குப் போடவில்லை.

என் அண்ணன் மகனுக்குச் சொன்ன நடைமுறை விஷயங்கள் சிலவும் உண்டு. நேர்முகத் தேர்வில் மனிதவளத் துறையிடம் கேட்பதைவிட, அந்த நிறுவனத்தில் இரண்டாவது மூன்றாவது வருடத்தில் இருக்கும் விமானியிடம் கேள். மூத்த கேப்டனிடம் கேட்காதே, அவர் வாழும் கம்பெனி வேறு. களைப்பு என்று போன் செய்தால் என்ன நடக்கிறது என்று கேள். சில இடங்களில் காரணம் கேட்காமல் ஹோட்டலுக்கு அனுப்புவார்கள். சில இடங்களில் ஒரு குழு உட்கார்ந்து, தவறு கம்பெனி ரோஸ்டரிலா உன்னிடமா என்று விசாரித்து, உன்னிடம் என்றால் நோய் விடுப்பில் கழிப்பார்கள். என் பக்கத்திலிருந்து சொல்கிறேன், அதிகாலை மூன்று மணிக்கு அப்படி ஒரு போன் வரும்போது டிஸ்பாட்சும் விமானிகளுக்குப் பணி ஒதுக்கும் க்ரூ ஷெட்யூலிங்கும் எந்தக் குரலில் பேசுகின்றன என்பதில் அந்த நிறுவனம் முழுக்கத் தெரிந்துவிடும். போன மாதம் ரிசர்வில் இருந்தவர்களில் எத்தனை பேர் எத்தனை நாள் அழைக்கப்பட்டார்கள் என்று கேள். எல்லோரும் எல்லா நாளும் அழைக்கப்பட்டிருந்தால் ஆள் குறைவு. யாருமே அழைக்கப்படவில்லை என்றால் ஆள் அதிகம், அடுத்து மணி நேரத்தில் கைவைப்பார்கள். வருமானத்தில் ஒரே வாடிக்கையாளரின் பங்கு எவ்வளவு, அந்த ஒப்பந்தம் எந்த வருடம் முடிகிறது என்பதையும் பார்.

இரண்டு இடத்திலும் வேலை கிடைத்து, மனது இரண்டுக்கும் சரி என்றால் வகுப்புத் தேதி (பயிற்சி தொடங்கும் நாள்) முன்னால் இருப்பதை எடு. சீனியாரிட்டி எண் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். ஒரு மாதம் தாமதமானால் நூறு பேர் முன்னால் போயிருக்கக்கூடும், அந்த நூறு பேர் நீ ஓய்வு பெறும் வரை உனக்கு முன்னால்தான் நிற்பார்கள். ஒரு நிறுவனத்தை விட்டு இன்னொன்றுக்குப் போனால் மறுபடி கடைசி எண்தான், இருபது வருட அனுபவம் இருந்தாலும். அதனால் பிறகு பார்த்துக்கொள்ளலாம், பிடிக்கவில்லை என்றால் மாறிக்கொள்ளலாம் என்ற பேச்சு இந்தத் தொழிலில் எடுபடாது. அவனுக்கு அடுத்த மாதம் இரண்டு நேர்முகத் தேர்வு இருக்கிறது. அதற்குள் லூயிவில்லில் இரவு பறக்கும் இரண்டாம் வருட விமானி ஒருவரோடு அவனைப் பேச வைக்க ஏற்பாடு செய்திருக்கிறேன்.